தீவனக் கிழங்கும் நமது பாற்பஞ்சமும்

பழந்தமிழில் மாடு என்னுஞ் சொல் செல்வத்தையும் குறித்தது. ஆவினத்தை உடையவனே செல்வனாக மதிக்கப்பட்ட காலமொன்று இருந்தமைக்கு அச்சொல்லே சான்றாகும். சொல் இன்றும் வழக்கிலுண்டு. அது உணர்த்திய வாழ்க்கையோ நம்மைவிட்டு நெடுந்தூரஞ் சென்றுவிட்டது. வெள்ளவத்தையிலோ களுபோவிலையிலோ காலைவேளையில் ஒரு வீட்டினுள் நுழைவோமாயின், தேநீரிற் கலக்கப்படுவது பெரும்பாலும் பொதியில் அடைத்த பால்மாவாகவே இருக்கக் காண்போம். அப்பால்மாவிற் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வருவது. 2021ஆம் ஆண்டில் 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் பொதி, 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 790 ரூபாவாயிற்று. அந்நியச் செலாவணி வற்றிய அந்நாட்களில், குழந்தைக்குப் பால் வேண்டிக் கடை வாயிலிற் காத்து நின்றோரை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். சிலர் நாமே நின்றுமிருக்கின்றோம்.

இந்நிலையில் ஒரு கேள்வி எழுகின்றது. நமக்குப் பால் அனுப்பும் அந்நாட்டுப் பசுக்கள் எதனை உண்கின்றன? புல்லை என்பதே எவரும் கூறும் விடை. அது மெய்யே, ஆயின் முழு மெய்யன்று. நியூசிலாந்தின் தென்தீவிற் குளிர்காலத்திற் புல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அம்மாதங்களிற் கறவை வற்றிய பசுக்கள் அடுத்த கன்றீனும் வரை உடல் தேறுதற்கு அங்குள்ள கமக்காரர் பயிரிடும் உணவுகளுள் ஒன்று தீவனப் பீற்றுக்கிழங்கு. 2006ஆம் ஆண்டளவிற் சில நூறு ஹெக்டேயரில் மட்டும் விளைந்த இக்கிழங்கு, அடுத்த பத்தாண்டுகளிற் பல்லாயிரம் ஹெக்டேயருக்குப் பரவிற்று. நாம் கறிக்கு வாங்கும் பீற்றூட்டின் உடன்பிறப்பே இது. இதன் வரலாறு, இயல்பு, பயிரிடும் முறை, ஊட்டும் முறை என்பவற்றை ஆராய்ந்து, நமது நாட்டுக்கு இதனால் விளையக்கூடிய பயன் யாதென அறிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிழங்கின் குலம்

பீற்றுச் செடியின் காட்டு முன்னோர் கடற்கரைவாசி. மத்தியதரைக் கடலோரத்திலும் ஐரோப்பாவின் மேற்குக் கடற்கரைகளிலும் உப்புக்காற்றிலே தானாக முளைத்து வளரும் கடற்பீற்றே அது. தாவர நூலார் இதனைக் கீரைக் குடும்பத்துடன் சேர்ப்பர். நமது முளைக்கீரையும் தண்டுக்கீரையும் இதற்கு உறவினரே. பண்டைக் கிரேக்கரும் உரோமரும் இதன் இலையையே பெரிதும் உண்டனர். வேர் பருத்த இனங்கள் பிற்காலத்திலேயே சிறப்புற்றன.

மனிதர் தத்தம் தேவைக்கேற்பத் தெரிந்தெடுத்து வளர்த்தமையால் அந்த ஒரு செடியே இன்று நான்கு பயிர்களாகப் பிரிந்து நிற்கின்றது. இலைக்காக வளர்க்கப்படுவது ஒன்று. கறிக்காக வளர்க்கப்படும் சிவந்த பீற்றூட் மற்றொன்று. சீனி வடிக்க உதவும் வெள்ளைக் கிழங்கு மூன்றாவது. கால்நடைகளுக்காக வளர்க்கப்படும் பெருங்கிழங்கு நான்காவது. இந்நான்காவதன் பழைய இனங்களை ஜேர்மானியர் மாங்கோல்ட் வேர் என்றனர். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, வெள்ளை எனப் பல நிறத்தினதாய், பாதிக்கு மேல் மண்ணுக்கு வெளியே தலைநீட்டி நிற்கும் இது, கையாற் பிடுங்குதற்கு எளியது.

சீனி வரலாற்றில் இத்தீவனக் கிழங்குக்கு ஒரு சிறப்பிடமுண்டு. 1747ஆம் ஆண்டிற் பேர்லினைச் சேர்ந்த மார்கிராவ் என்னும் இரசாயன அறிஞர், பீற்றிலுள்ள இனிப்பும் கரும்பிலுள்ள இனிப்பும் ஒரே பொருள் என நிறுவினார். அவருடைய மாணவரான அக்கார்ட், தீவன இனங்களிலிருந்து இனிப்பு மிக்கவற்றைத் தெரிந்து வளர்த்து, 1801ஆம் ஆண்டளவிற் சிலேசியாவில் முதலாவது பீற்றுச் சீனி ஆலையை அமைத்தார். ஆங்கிலக் கப்பற்படையின் தடையாற் கரும்புச் சீனி பெறவியலாத நெப்போலியன், 1811ஆம் ஆண்டிற் பீற்றுப் பயிரை விரிவாக்க ஆணை பிறப்பித்தான். தொடக்கத்தில் நூற்றுக்கு ஆறு பங்களவே சீனி கொண்டிருந்த கிழங்கு, இடையறாத தெரிவினால் இன்று நூற்றுக்குப் பதினாறு பங்குக்கு மேலுங் கொண்டதாயிற்று. மாட்டுக்கு வளர்த்த கிழங்கே மனிதரின் சீனிப் பேழையாயிற்று. பின்னர்ச் சீனிக் கிழங்கையும் மாங்கோல்டையும் கலந்து பெற்ற இனங்களே இன்று தீவனப் பீற்றுக்கிழங்கு என வழங்குவன.

பஞ்சக் கிழங்கு என்ற பெயர்

மாங்கோல்ட் என்பது ஜேர்மன் மொழியிற் பீற்றுக் கீரையின் பெயர். அதனோடு ஒலியொத்த மாங்கெல் என்னுஞ் சொல்லோ பற்றாக்குறையைக் குறிப்பது. இவ்விரண்டையும் மயங்கிய பிரெஞ்சுக்காரர் இக்கிழங்கைப் பஞ்சக் கிழங்கு என மொழிபெயர்த்தனர். 1787ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவரான லெற்சம் என்பார், இதனை ஏழைகளுக்கும் கால்நடைகளுக்கும் உதவும் பஞ்சக் கிழங்கென்றே ஆங்கிலேயர்க்கு அறிமுகப்படுத்தினார். பிழையான மொழிபெயர்ப்பே, எனினும் வரலாறு அப்பெயரை ஒருவாறு மெய்யாக்கிற்று. 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், போரினால் உணவு மறிக்கப்பட்ட ஒல்லாந்து நகரமக்கள் சீனிப் பீற்றையும் துலிப் மலரின் கிழங்கையும் அவித்துண்டு உயிர் பிழைத்தனர்.

பஞ்சத்தில் உதவியதைக் காட்டிலும், பஞ்சம் வாராமற் காத்ததே வேர்ப்பயிர்களின் பெரும்பணி என்பது கருதத்தக்கது. பழைய ஐரோப்பாவிற் குளிர்காலம் வருமுன் கால்நடைகளிற் பலவற்றைக் கொன்று இறைச்சியை உப்பிட்டு வைப்பர். மிஞ்சியவை வைக்கோலைத் தின்று எலும்புந் தோலுமாய் இளவேனிலை எதிர்நோக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நோவோக் பகுதியிற் கோதுமை, ரேணிப் கிழங்கு, பார்லி, குளோவர்ப் புல் என்னும் நான்கையும் மாறிமாறிப் பயிரிடும் முறை பரவிற்று. நிலத்தைத் தரிசாக விடாது கால்நடைக்கு ஒரு பயிரைக் கொடுத்தமையால், குளிர்காலத்திலும் மாடு கொழுத்தது. மாடு கொழுத்தமையால் எரு பெருகிற்று. எரு பெருகியமையாற் கோதுமையும் பெருகிற்று. ரேணிப் விளங்கிய இடத்திற் பின்னர் மாங்கோல்டும் வந்து சேர்ந்தது. அவர்கள் மாற்றியது ஒரு கிழங்கை மட்டுமன்று. மாட்டின் உணவு எங்கிருந்து வரவேண்டும் என்ற எண்ணத்தையே மாற்றினர்.

நமது மாடுகளின் உணவு

நம் நாட்டில் அவ்வெண்ணம் இன்னும் மாறவில்லை. மாட்டின் உணவு நம்மிடையே மிச்சமாகவே இருந்து வந்துள்ளது. நெல்லை நாம் எடுத்தபின் வைக்கோல், எண்ணெயை நாம் எடுத்தபின் பிண்ணாக்கு, அரிசியை நாம் எடுத்தபின் தவிடு, சோறு சமைத்தபின் கழுநீர், வேலி கதியாலிலே குழை, பனையிலே ஓலை எனக் கிடைத்தவற்றைக் கொடுத்தோம். யாழ்ப்பாணத்து மூதாட்டியர் இவற்றைச் சிக்கனமாகச் சேர்த்து ஊட்டிய திறமை போற்றத்தக்கதே. எனினும் மிச்சத்தில் வளரும் பசு மிச்சப்பாலையே தரும்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் நிலை இன்னுங் கடியது. பெரும்போக நெல் விதைக்கப்பட்டதும் பட்டிமாடுகள் வயல்வெளியினின்று அகற்றப்படுகின்றன. காட்டோரமும் மேய்ச்சற்றரையுமே அவற்றின் கதி. மேய்ச்சற்றரையோ ஆண்டுதோறும் சுருங்கி வழக்குக்கும் பூசலுக்கும் இடமாகின்றது. 2022ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், மண்டூஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலுங் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் ஓரிரு நாட்களில் மடிந்தன. கொன்றது குளிரே. ஆயின் உடலில் வலுவுங் கொழுப்பும் இல்லாத விலங்கே குளிருக்கு முதலில் இரையாகும் என்பதனைக் கால்நடை வளர்ப்போர் நன்கறிவர். இந்நாட்டிற் கறக்கும் பால் நாட்டின் தேவையிற் பாதிக்கும் போதாமைக்குக் காரணங்கள் பல. பசுவின் பசி அவற்றுள் முதன்மையானது.

கிழங்கிலுள்ள சத்து

தீவனப் பீற்றின் கிழங்கிலே பெரும்பகுதி நீர். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் இருபது பங்கு வரையே உலர்பொருள். பழைய மாங்கோல்டில் இது இன்னும் குறைவு. ஆயின் அவ்வுலர்பொருளிற் பாதிக்கு மேற்பட்டது சர்க்கரை. ஆதலால் ஒரு கிலோகிராம் உலர்பொருளிலிருந்து மாடு பெறும் சக்தி, நெல் வைக்கோலிலிருந்து பெறுவதன் ஏறத்தாழ இருமடங்காகும். தானியத்துக்கு நிகரான சக்தியைத் தரும் பச்சைத் தீவனம் இதுவென்றால் அது மிகையன்று.

குறைகளும் உள. கிழங்கிற் புரதம் குறைவு. உலர்பொருளில் நூற்றுக்குப் பத்துப் பங்கையும் பெரும்பாலும் எட்டுவதில்லை. நாரும் குறைவு, பொசுபரசும் குறைவு. இலையிலோ புரதம் கிழங்கிலிருப்பதன் இருமடங்களவு உண்டு. இக்குறைகளை நிரப்பும் பொருள்கள் நம் வீட்டு முற்றத்திலேயே இருத்தல் நோக்கத்தக்கது. நாருக்கு வைக்கோலும் பனையோலையும், புரதத்துக்குக் கிளிசரியாக் குழையும் எள்ளுப் பிண்ணாக்கும், பொசுபரசுக்குத் தவிடும் உதவும். வைக்கோலில் இல்லாத சக்தி கிழங்கிலும், கிழங்கில் இல்லாத நார் வைக்கோலிலும் இருத்தலால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. தனித்து நின்றால் ஒன்று பட்டினி, மற்றொன்று நோய். சேர்ந்து நின்றால் நிறையுணவு.

பாலைநிலத்தில் நிகழ்ந்த சோதனை

குளிர்நாட்டுக் கிழங்கு வெயில் நாட்டில் விளையுமா என்னும் ஐயம் இயல்பாக எழும். இதற்கு விடை தேடியோர் இராசத்தானத்து ஜோத்பூரிலுள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனத்தார். மழை அரிதாய், நிலத்தடி நீர் உவராய் இருக்கும் அப்பகுதியிற் கால்நடைக்குப் பசுந்தீவனம் பெறுதல் பெரும்பாடு. அந்நிறுவனத்தார் தீவனப் பீற்றை ஒக்ரோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் விதைத்து, சனவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரில் வரை வேண்டியபோது பிடுங்கினர். நல்ல மண்ணும் நீரும் வாய்த்தவிடத்து, நான்கு மாதத்தில் ஹெக்டேயருக்கு இருநூறு தொன் வரை இலையுங் கிழங்கும் பெறலாமென அறிவித்தனர். செலவிட்ட நீருக்கு ஈடாகக் கிடைக்கும் தீவனம் மற்றைப் பசுந்தீவனங்களிலும் மிகுதி என்பதும், உவர்நிலத்திலும் உவர்நீரிலும் இது தாக்குப்பிடிக்கும் என்பதும் அவர்கள் கண்ட முடிவுகளாம்.

உவரைத் தாங்கும் இயல்பு வியப்புக்குரியதன்று. கடற்கரையிற் பிறந்த செடி தன் பிறப்பிடத்தை மறக்கவில்லை. பொற்றாசியத்தின் பணியிற் பெரும்பகுதியைச் சோடியத்தைக் கொண்டே செய்துகொள்ளும் ஆற்றல் பீற்றுக்குண்டு. இங்கிலாந்திற் கமக்காரர் பீற்று நிலத்துக்குக் கறியுப்பையே உரமாக இட்டு வந்தனர். முளைக்கும் பருவத்தில் மட்டும் இது உப்பைத் தாங்காது; அப்போது நன்னீர் வேண்டும். நான்கைந்து இலை விட்டபின் உவர்நீரை ஏற்கும்.

சீனிப் பீற்றின் வெப்பநில இனங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்து, செத்தெம்பர் முதல் நவம்பர் வரை விதைக்கத்தக்க பயிராக அதன் பயிர்முறையை வகுத்துள்ளனர். தமிழ்நாட்டு வெப்பத்தில் வளர்வது பாக்குநீரிணைக்கு இப்பாலும் வளர இடமுண்டு.

நம் நிலத்தில் இதற்கு இடமுண்டா?

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் மலைநாட்டுக்கு வந்த பீற்றூட், இன்று நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் மட்டுமன்றி, கற்பிட்டி மணலிலும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் விளைகின்றது. தங்கை வாழும் மண்ணில் தமக்கை வாழ்தல் இயலாததன்று. யாழ்ப்பாணத்து மண் சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்தது. புளிப்புமண்ணை வெறுக்கும் பீற்றுக்கு அது உகந்ததே. அங்குப் பல கிணறுகள் உவராகி வருதல் எல்லாரும் அறிந்த துன்பம். வெங்காயமும் மிளகாயும் முகஞ்சுளிக்கும் நீரைப் பீற்று ஏற்குமாயின், கைவிடப்பட்ட தோட்டங்கள் சில மீளவும் பயன்படும்.

எனினும் ஜோத்பூரை அப்படியே யாழ்ப்பாணத்துக்குப் பெயர்த்தல் தகாது. அங்கே பனிக்கால இரவு நன்கு குளிரும். யாழ்ப்பாணத்திலோ தை மாத இரவும் இதமானதே. குளிரிரவு கிழங்கிற் சர்க்கரையைச் சேர்க்கும்; இதமான இரவு அதனைக் குறைக்கும். அங்கே விதைப்புக்காலம் வறண்டது. நமக்கோ ஐப்பசி கார்த்திகை பெருமழைக்காலம். நீர் தேங்கினாற் கிழங்கு அழுகும். ஆகவே மழையின் உரம் தணிந்த மார்கழியில் விதைத்து, பங்குனி சித்திரையில் எடுத்தலே நமக்குப் பொருந்தலாம். விளைவும் அங்குக் கிடைப்பதன் பாதியோ காற்பங்கோ எனக் கொள்வதே அறிவுடைமை.

அவ்வாறு குறைத்தே கணக்கிட்டுப் பார்ப்போம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வரிசைக்கு வரிசை 50 சென்ரிமீற்றரும் செடிக்குச் செடி 20 சென்ரிமீற்றரும் விட்டு நட்டால், ஒரு பரப்பில் ஏறத்தாழ 2,500 செடி நிற்கும். ஜோத்பூரிற் கிழங்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோகிராம் வரை நிறைகொள்ளும்போது பிடுங்குவர். நமக்கு அரைக் கிலோகிராமே கிடைக்கிறதென வைத்துக்கொள்வோம். அப்போதும் 1,250 கிலோகிராம் கிழங்கு சேரும். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 15 கிலோகிராம் கொடுத்தால் அது எண்பது நாளுக்கு மேற் போதும். ஒரு பரப்பு நிலம், ஒரு பசு, ஏறக்குறைய மூன்று மாதம் என்பதே இக்கணக்கின் சுருக்கம். வேண்டிய விதை அறுபது கிராமளவே. நான்கு பரப்புத் தோட்டமும் ஒரு கறவைப்பசுவும் உள்ள குடும்பத்துக்கு இது எட்டாக் கனியன்று.

பயிரிடும் முறை

நிலத்தை ஆழக் கிளறிப் பொலபொலப்பாக்கி, நன்கு மக்கிய எருவை இடுதல் வேண்டும். மக்காத எருவும் கல்லும் கிழங்கைக் கவர்விடச் செய்யும். வரம்புகள் எடுத்து அவற்றின்மேல் விதைத்தல் நன்று. மழைநீர் வடியவும் கிழங்கு பருக்கவும் அது வழிசெய்யும். விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் இடவேண்டும்.

பீற்று விதை என நாம் கையில் எடுப்பது உண்மையில் ஒரு விதையன்று. பல விதைகள் ஒட்டிக் காய்ந்த காய்த்திரள். ஆகையால் ஒன்றை இட்டால் இரண்டு மூன்று முளை கிளம்பும். ஒற்றை விதையுடைய செடியை 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சவிற்ஸ்கி என்னும் அறிஞர் கண்டெடுத்தார். இன்றைய ஒருமுளை இனங்கள் பல அதன் வழிவந்தன. பன்முளை விதையானால், மூன்று நான்கு வாரத்திற் கலைத்து, இடத்துக்கு ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டும். பிடுங்கிய நாற்று கீரையாகும். முதல் ஆறு வாரமும் களையெடுத்தல் இன்றியமையாதது. பின்னர் இலைப்பரப்பே களையை அடக்கிவிடும்.

சுண்ணாம்பு மிக்க மண்ணிற் போரன் என்னும் நுண்சத்து செடிக்கு எட்டாது போதலுண்டு. அது குறைந்தாற் கிழங்கின் நெஞ்சு கறுத்து அழுகும். மண்ணைச் சோதித்து மிகச்சிறிய அளவில் இடவேண்டும், அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சாம். ஈரமும் வெப்பமுங் கூடிய நாட்களில் இலைப்புள்ளி நோய் தோன்றும். வேர்முடிச்சுப் புழுவும் பீற்றைப் பற்றும். ஆதலால் ஒரே துண்டில் ஆண்டுதோறும் இதனை நடாது, இடையிற் குரக்கன், சோளம் போன்றவற்றை மாற்றி நடுதல் நலம்.

பீற்று ஈராண்டுச் செடி. முதலாண்டிற் கிழங்கு கட்டி, நீண்ட குளிரைக் கண்டபின்னரே பூக்கும். சமநிலத்தில் அக்குளிர் இல்லாமையால் விதையை நாமே எடுத்தல் அரிது; வெளியிலிருந்து முறைப்படி அனுமதி பெற்றே வருவித்தல் வேண்டும். இது இப்பயிரின் மெய்யான குறை. பால்மாவுக்குக் கைநீட்டுவதை விட்டு விதைக்குக் கைநீட்டுவதா எனச் சிலர் வினவலாம். அறுபது கிராம் விதைக்குச் செல்லும் செலாவணியையும், ஒரு பசு எண்பது நாளிற் கறக்கும் பாலுக்கு ஈடான மாவுக்குச் செல்லும் செலாவணியையும் ஒப்பிட்டுப் பார்ப்பின் விடை தானே புலப்படும்.

ஊட்டும் முறை

இக்கிழங்கினால் வரும் தீங்கெல்லாம் அவசரத்தால் வருவனவே. அசைபோடும் விலங்கின் பெருவயிற்றிற் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலைச் செரிக்கப் பழகியவை திடீரெனச் சர்க்கரை வெள்ளத்தைக் கண்டால் நிலைகுலையும், புளிக்கச் செய்யும் உயிர்கள் பெருகி, வயிற்றில் அமிலம் நிறைந்து, மாடு தீனியை வெறுத்துச் சோர்ந்து விழும், இறத்தலும் உண்டு. ஆகவே முதல் நாள் ஒன்றிரண்டு கிலோகிராமே கொடுத்து, நாள்தோறும் சிறிது கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவை எட்டவேண்டும். காலையில் வைக்கோலோ ஓலையோ தின்னக் கொடுத்த பின்னரே கிழங்கைக் காட்டவேண்டும். பசித்த மாட்டின்முன் கிழங்குக் குவியலை வைத்தல் ஆகாது.

ஜோத்பூர் நிறுவனத்தார் மாட்டுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் இருபது கிலோகிராமும், ஆட்டுக்கு நான்கு முதல் ஆறு கிலோகிராமும் உலர்தீவனத்துடன் கலந்து கொடுக்குமாறு கூறுவர். நம்மூர்ச் சிற்றுடல் மாடுகளுக்குக் குறைந்த அளவே ஏற்றது. கிழங்கைக் கழுவி மண்போக்கித் துண்டாக நறுக்கிக் கொடுத்தல் வேண்டும். உருண்டைத் துண்டு தொண்டையில் அடைக்கும். இலையில் ஒட்சாலிக் அமிலமும் நைத்திரேற்றும் இருத்தலால், பிடுங்கிய இலையை ஒருநாள் வாடவிட்டுச் சிறிதளவாகக் கொடுத்தலே தக்கது. கிடாய் ஆடுகளுக்குச் சிறுநீர்க்கல் உண்டாகும் என்பது பழைய எச்சரிக்கை. அவற்றுக்கு இதனைத் தவிர்த்தல் நன்று.

குளிர்நாட்டார் கிழங்கைக் குவித்து, வைக்கோலும் மண்ணும் மூடி, மாதக்கணக்கில் வைப்பர். நம் வெப்பத்தில் அவ்வாறு செய்யவியலாது. மூன்று நாளுக்கு மேல் வைத்தல் கூடாதென ஜோத்பூர் அறிஞர் கூறுவர். ஆனால் மண்ணே இதற்கு நல்ல களஞ்சியம். நிலத்தில் நிற்கவிட்டு அன்றன்று வேண்டியதைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மனிதர் உணவாக

தீவனக் கிழங்கு மனிதர்க்கு ஆகாததன்று. இளம் பருவத்திற் பிடுங்கினால் அவித்தும் கறியாக்கியும் உண்ணலாம். முற்றினால் நார் பரவிச் சுவை கெடும். பீற்றினத்துக்குரிய மண்வாசனை இதிலும் உண்டு. முதன்மழை வீழ்ந்த நிலத்திலிருந்து எழும் மணத்துக்குக் காரணமான பொருளே கிழங்கிலும் அம்மணத்தைத் தருகின்றது. தேசிப்புளி சேர்த்தால் அது அடங்கும்.

இலையைப் பற்றிச் சிறப்பாகக் கூறல் வேண்டும். சந்தையிற் பீற்றூட் வாங்குவோர் பலர் இலையை அங்கேயே முறித்தெறிந்துவிட்டுக் கிழங்கை மட்டும் கொணர்கின்றனர். தொல்லோர் உண்டது இலையையே என்பதை நினைத்தல் தகும். சிறிதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயுஞ் சேர்த்து வறை செய்தால் எக்கீரைக்கும் இது தாழ்ந்ததன்று. சிறுநீரகக் கல் உடையோர் மட்டும் இதனைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். அவித்த நீரை வடித்தலும் நன்மை தரும். நாம் உண்ணாத இலையும், விலைபோகாத சிறுகிழங்கும், சந்தைக் கழிவுடன் குப்பைமேட்டுக்குச் செல்லாது மாட்டுத் தொட்டிக்குச் செல்லுமாயின், புதிய விதை வருமுன்னரே இப்பாடத்தின் முதற்பகுதியை நாம் கற்றவராவோம்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், தீவனப் பீற்றுக்கிழங்கு நம் துன்பமெல்லாம் தீர்க்கும் மந்திரக் கிழங்கு என எவருங் கருதலாகாது. அது நீர் தேங்கினால் அழுகும். அவசரமாக ஊட்டினால் கொல்லும். விதைக்குப் பிறரை நோக்கச் செய்யும். ஆனிப் பிற்பகுதியிலும் ஆடி ஆவணியிலும் வரும் கொடிய வறட்சியை அது தீர்க்காது. அதற்குப் புல்லும் குழையும் பதனிட்ட தீவனமுமே வேண்டும். கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தாரும், வந்தாறுமூலையிலும் பேராதனையிலுமுள்ள விவசாய அறிஞர்களும், விவசாயத் திணைக்களத்தாரும், உவர்நீர்க் கிணறுள்ள சில பரப்புகளில் இதனை மூன்று நான்கு போகம் நட்டு நிறுத்துப் பார்த்துச் சொல்வாராயின், இத்தகைய கட்டுரைகளின் ஊகத்துக்கு இடமிராது. அப்பணியை மேற்கொள்ளத்தக்க மாணவர் நம் கல்லூரியிலும் இருத்தல் கூடும்.

ஆயின் இக்கிழங்கு கற்பிக்கும் பாடத்துக்குச் சோதனை வேண்டியதில்லை. பால் வேண்டுவோர் முதலிற் பசுவின் உணவை விளைவிக்க வேண்டும் என்பதே அது. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களில் இரவிலே பட்டி அடைத்து, மாட்டெருவால் மண்ணை வளப்படுத்திய வழக்கத்தை நம் முதியோர் கண்டிருக்கின்றனர். பல தலைமுறையாகத் தோட்டத்துக்கு மாடு கொடுத்து வந்தது. தோட்டம் தன்னில் ஒரு பரப்பை மாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் நாளில், மாடு என்னுஞ் சொல் தன் பழைய பொருளை மீண்டும் பெறும்.